வாளிக்குள் ஒரு கைப்பிடி உப்பு

என் பெயர் உர்சுலா. கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் ஒரு சின்னக் கெமிக்கல் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷமாக லேப்பில் வேலை பார்க்கிறேன். அப்பா ரயில்வேக்காரர். அதனால் ரயில்வே குடியிருப்புகள் இருந்த பிரிக்பீல்ட்ஸில்தான் பிறந்தேன், வளர்ந்தேன். இப்போது தனியாக இருப்பதும் அங்கேதான். எனக்கு வாய் நீளம் என்று ஃபேக்டரி முழுக்கப் பேச்சு. பாதர் முதல் பஸ் டிரைவர் வரை யாரையும் விட்டுவைத்ததில்லை. அந்த வாய் ஒரே ஒரு நாள், பேசியே ஆக வேண்டிய இடத்தில், மூடிக்கொண்டது. அதை யாரிடமாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

எங்கள் ஃபேக்டரியில் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கேரி தீவுப் பக்கத்திலிருந்து வரும் செம்பனை எண்ணெயின், அதாவது பாமாயிலின், கொழுப்பு அமிலத்தை ஆல்கஹாலோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால், முகத்துக்குப் பூசும் கிரீமில் கலக்கிற ஒரு எண்ணெய் கிடைக்கும். சும்மா கொதிக்க வைத்தால் இரண்டும் லேசில் சேராது. சேர்த்துவைக்க நடுவில் வலுவான ஓர் அமிலம் வேண்டும். வருஷக்கணக்காக அதற்குக் கந்தக அமிலத்தைத்தான் ஊற்றினோம். அது என் ஏப்ரன்களில் ஓட்டை போட்டது, குழாய்களைத் தின்றது. வேலை முடிந்ததும் எண்ணெயிலிருந்து அதைப் பிரிக்க மூன்று தடவை கழுவி, அந்த அழுக்குத் தண்ணீரை என்ன செய்வதென்று முழிப்போம்.

இதற்கு முடிவு கட்டத்தான் முதலாளி கமலநாதன், தமிழ்நாட்டிலிருந்து செல்வகுமாரைக் கூட்டிவந்தார். விருதுநகர்க்காரர், முப்பத்து நான்கு வயது, கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம், இங்கே தங்கி வேலை பார்க்க இரண்டு வருஷத்துக்கு அரசாங்க பாஸ். வந்த முதல் நாளே எனக்கு மேலே உட்கார வைத்தார்கள். சீண்டிப் பார்ப்போமே என்று நான் "குட் மார்னிங் பாஸ்" என்றேன். அவர் எழுந்து நின்று, "ஐயோ அக்கா, செல்வான்னே கூப்பிடுங்க" என்றார். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அவர் வரவழைத்தது அரைக் கிலோ வெள்ளைப் பொடி, ஒரே ஒரு பாட்டில். பெர்ஃப்ளூரினேட்டட் சல்ஃபோனிக் ஆசிட் பாலிமர் என்று லேபிளில் ஒன்றரை வரிக்குப் பெயர். பார்த்தால் அச்சு அசல் இடியாப்ப மாவு. கிளீனர் புஷ்பவல்லி அதற்கு "டாக்டர் மாவு" என்று பெயர் வைத்தாள், ஒரு வாரத்தில் முதலாளியே அப்படித்தான் சொன்னார். கந்தக அமிலம் செய்கிற வேலையை அந்த மாவு செய்யும். ஆனால் எதிலும் கரையாது, இரும்பைத் தின்னாது. வேலை முடிந்ததும் வடிகட்டிக் கழுவி மறுபடி போடலாம். இருநூறு டிகிரிச் சூடு வரைக்கும் அசையாது.

அதற்கு ஒரே ஒரு பலவீனம். அதைச் செல்வா எனக்கு ரயிலில் வைத்துச் சொன்னார். அவரும் மனைவி குமுதாவும் பிரிக்பீல்ட்ஸில்தான் வாடகைக்கு இருந்தார்கள். தினமும் காலையில் கேஎல் சென்ட்ரலில் ஒரே கொமுட்டர் ரயிலில் ஏறி, தெலுக் காடோங்கில் இறங்குவோம்.

"அந்த மாவுல ஒவ்வொரு துகள்லயும் சீட்டு இருக்குக்கா" என்றார். "சீட்டுல ஹைட்ரஜன் உக்காந்திருக்கும். அது எந்திரிச்சுப் போய் வேலையப் பாத்துட்டு, திரும்ப வந்து உக்காரும். ஆனா சோடியம், கால்சியம்னு எதாவது வந்துச்சுன்னா அதத் தள்ளிவிட்டுட்டு அதுங்க உக்காந்துக்கும். அப்புறம் எந்திரிக்காது. மாவு பாக்க அப்படியேதான் இருக்கும், வேலை மட்டும் நடக்காது."

"சுபாங் ஜெயால ஏறி பேக்க பக்கத்து சீட்ல வெக்கிறவன் மாதிரி" என்றேன்.

அவர் சிரித்தார். "அதேதான்க்கா. அதனால குழாய்த் தண்ணி படக்கூடாது, வேர்வ படக்கூடாது. உப்பு பக்கத்துலயே வரக்கூடாது. வந்துட்டா நைட்ரிக் ஆசிட்ல கழுவித்தான் அதுங்கள எறக்கணும்."

இதை நான் எழுதிவைப்பதற்குக் காரணம், எனக்குத் தெரியாது என்று பிற்பாடு நானே சொல்லிக்கொள்ள வழியில்லாமல் இருக்கத்தான். எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் இரண்டு மாதம் மாவு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. உலர்ந்த பொடியைக் கொழுப்பு அமிலத்தில் போட்டால் கட்டி கட்டியாகத் திரண்டு ஃபில்டர் துணியை அடைத்துக்கொண்டது. செல்வா ஏதேதோ கணக்குப் போட்டார். நான்தான் ஒரு நாள், "ஊறவெச்சுப் பாருங்களேன் செல்வா" என்றேன். உப்பே இல்லாத சுத்தத் தண்ணீர் ஒன்று லேப்பில் உண்டு, டி.ஐ. தண்ணீர் என்போம். அதில் மாவை ஊறவைத்து, அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஆல்கஹாலால் அலசி உலையில் போட்டோம். கட்டியே தட்டவில்லை. கிளறிக்கொண்டே மூன்று மணி நேரம் காய்ச்சினால் போதும், சேராமல் மிஞ்சிய அமிலத்தின் அளவு நூற்றைம்பதிலிருந்து நாலுக்கு இறங்கியது. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் நாலு, ஐந்து. அளந்தது நான். "சூப்பர்க்கா" என்று செல்வா கைகூப்பினார். அடுத்த நாள் ஃபைலில் பார்த்தால் "செல்வா முறை" என்று போட்டிருந்தது. யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சென்ற மே மாதம் வாங்குகிறவர்கள் முன்னால் சோதனை ஓட்டம் என்று முடிவானது. செல்வாவின் பாஸ் ஜூன் கடைசியோடு முடிகிறது. "ட்ரயல் நல்லா போச்சுன்னா அன்னைக்கே பாஸ நீட்டிக்க லெட்டர் சைன் பண்றேன்" என்று கமலநாதன் சொல்லியிருந்தார். குமுதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவத்துக்கு இங்கேயே பதிந்து வைத்திருந்தார்கள். லெட்டர் வராவிட்டால் வயிற்றோடு விமானம் ஏற வேண்டும். அவருக்கு அந்த ஒரு நாளில் என்ன இருந்தது என்று ஃபேக்டரியில் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்குக் காலையில் சிங்கப்பூரிலிருந்து வாங்குகிறவர்கள் இரண்டு பேர், எங்கள் பங்சார் ஆபீஸிலிருந்து நாலு பேர், போட்டோ எடுக்க ஒருவர். கமலநாதன் செல்வாவின் தோளில் கை போட்டு, "இவர்தான் எங்க டாக்டர், இவர் இல்லாட்டி இந்த ப்ராசஸே இல்ல" என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இது லேப் ஆன்டி, ரீடிங் எல்லாம் எடுப்பாங்க" என்றார். எனக்கு வயது நாற்பத்தொன்பது. கமலநாதனுக்கு அறுபத்திரண்டு.

அதையும் பொறுத்துக்கொண்டேன். செல்வா திரையில் படம் காட்டிப் பேச ஆரம்பித்தார். மாவு கட்டி தட்டிய கதையைச் சொல்லிவிட்டு, "அப்புறம் நான் ஊறவைக்கிற முறையைக் கண்டுபிடித்தேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். நான் நாலடி தள்ளி நிற்கிறேன். பயத்தில் சொல்லியிருப்பார், இங்கிலீஷில் 'நாங்கள்' வர வேண்டிய இடத்தில் 'நான்' வந்திருக்கும், அப்படியெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபத்திரண்டு வருஷம், போட்டோவில்கூட நான் இல்லை.

எல்லாரும் கேன்டீனுக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் லேப்புக்குள் வந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். வெளியே உலைக்குப் பக்கத்தில், ஸ்டூல் மேல், வெள்ளை வாளியில் மாவு ஊறிக்கொண்டிருந்தது. அடியில் வெள்ளையாகப் படிந்து, மேலே தண்ணீர் தெளிவாக இருந்தது.

அப்போதுதான் புஷ்பவல்லி வந்தாள். கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்தவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள், என் ஒரே சிநேகிதி என்றே சொல்லலாம். செல்வா அவளை அம்மா என்று கூப்பிடுவார், அதற்கே அவள் உருகிப்போவாள். இத்தனை பேர் வந்து கண்வைத்துவிட்டுப் போகிறார்களே என்று அவளுக்குப் பதைப்பு. கேன்டீனிலிருந்து ஒரு கை கல் உப்பு கொண்டுவந்திருந்தாள். செல்வாவின் மேசையை மூன்று சுற்று, உலையை மூன்று சுற்று. முணுமுணுத்தபடியே சுற்றினாள்.

சுற்றிய உப்பைத் தண்ணீரில் போட்டுக் கரைத்தாக வேண்டும். அது கரைவதோடு கண்ணேறும் கரைந்துபோகும் என்று கணக்கு. கால்படுகிற இடத்தில் கொட்டக்கூடாது. அங்கே தரையில் இருந்த வடிகாலை எல்லாரும் மிதித்துக்கொண்டு போவார்கள். புஷ்பவல்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். முந்தைய தடவைகளில் நான் அந்த வாளியின் மேல் தண்ணீரை சிங்க்கில் ஊற்றுவதை அவள் பார்த்திருக்கிறாள். எப்படியும் ஊற்றப்போகிற தண்ணீர்தானே. அவள் வாளிக்கு மேலே கையை நீட்டினாள்.

கண்ணாடிக்கும் வாளிக்கும் நடுவே பத்தடிதான். விரலால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். "அதுல போடாதக்கா" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை என் தொண்டை வரை வந்தது. கூடவே 'லேப் ஆன்டி'யும் வந்தது, 'நான் கண்டுபிடித்தேன்' என்பதும் வந்தது. அவள் கை விரிந்தது. உப்பு உள்ளே போனது. அவள் நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. அரை மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரை ஊற்றியது நான்தான். கையுறையில் ஒரு சின்ன ஓட்டை, விரலில் ஒரு வெட்டுக்காயம், தண்ணீர் பட்டதும் சுருக்கென்றது. சுத்தத் தண்ணீர் எரியாது. உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே தள்ளிவிட்ட அமிலம்தான் அப்படி எரிந்தது. அப்போதும் "செல்வா, கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லியிருக்கலாம். நான் மாவை ஆல்கஹாலால் அலசி, அவர் கையில் கொடுத்தேன். அவர் "தேங்க்ஸ்க்கா" என்றார்.

முதல் மணி நேரம் நூற்று முப்பத்தெட்டு. இரண்டாவது மணி, நூற்று இருபத்திரண்டு. மூன்றாவது மணிக்கு நூற்றுப் பத்து. நாலுக்கு வர வேண்டியது. நான் எண்ணை எழுதி எழுதி வெளியே அனுப்பினேன். செல்வாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் ரொம்ப மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

கமலநாதன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. லேப்புக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"மூணு தடவ நாலு, அஞ்சுன்னு வந்துச்சு. ஆளுங்க வந்தா நூத்திப் பத்து. எப்படி டாக்டர்?"

"சார், மாவுல என்னமோ கலந்திருக்கு. ஒரு நாள் டயம் குடுங்க, நான் டெஸ்ட் பண்ணி..."

"இல்ல, அந்த மூணு தடவயும் உண்மையிலயே வந்துச்சா?"

செல்வா என்னைப் பார்த்தார். கமலநாதனும் என்னைப் பார்த்தார். "உர்சுலா, நீ சொல்லுலா. இருவது வருஷமா இருக்க. அந்த ரீடிங் எல்லாம் நீதான் எடுத்தியா?"

நான் சொன்னேன், "சேம்பிள டாக்டர்தான் கொண்டாந்து குடுப்பாரு பாஸ். குடுத்தத நான் அளந்தேன்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சேம்பிளை அவர்தான் கொண்டுவருவார், உலை அவர் பொறுப்பு. ஆனால் அவர் வேறு எதையாவது கொண்டுவந்து கொடுத்திருக்கலாம் என்று கமலநாதன் நினைத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். நினைத்துக்கொண்டார். செல்வா கையிலிருந்த ரீடிங் சீட்டுகளை மேசையில் வைத்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் சரியாகச் சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நினைத்தார் போல. அது இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

லெட்டர் வரவில்லை. ஜூன் இருபதுக்குள் வேலையை முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மாவைக் கழிவு டிரம்மில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நான் போடவில்லை. கடையில் சாப்பாடு தப்பாவ் பண்ணி, அதாவது கட்டி வாங்கிவருகிற, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு என் லாக்கரில் வைத்தேன். அவ்வளவு விலை உயர்ந்த பொருளைக் குப்பையில் போட மனசு வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நாட்களில் நான் கொமுட்டரில் பெண்கள் பெட்டியில் ஏற ஆரம்பித்தேன். அங்கே அவர் வர முடியாது. ஆனால் ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் காய்கறிக் கடையில் குமுதா என்னைப் பிடித்துக்கொண்டாள். முகம் வீங்கி, கால் வீங்கி இருந்தாள்.

"அக்கா, இவர் ஒரு கள்ளத்தனமும் பண்ணலக்கா. உங்களுக்குத் தெரியும்ல. சார்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாருன்னு இவர் சொல்றாரு."

"சொல்றேன்மா" என்றேன். அவள் கையிலிருந்த பையை வாங்கி அவர்கள் மாடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். முருங்கைக்காயும் ஒரு கிலோ உருளைக்கிழங்கும் இருந்தன. அதைத்தான் என்னால் தூக்க முடிந்தது.

கடைசி நாள் செல்வா பிளாட்பாரத்தில் எனக்காகக் காத்திருந்தார். தப்பிக்க வழியில்லை. படாங் ஜாவாவில் கூட்டம் இறங்கியதும் கேட்டார்.

"அக்கா, அந்த மாவு எங்கயாச்சும் இருக்கா? ஒரு கிராம் போதும். எனக்கு சோடியம்னுதான் தோணுது. அளந்து காமிச்சிட்டன்னா நான் ஏமாத்தலன்னாவது சாருக்குத் தெரியும். பாஸ் கெடைக்காட்டி போகுது."

என் லாக்கர் சாவி என் கைப்பையில் இருந்தது. அந்தப் பையை நான் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"இல்ல செல்வா. அன்னைக்கே வேஸ்ட் டிரம்ல போட்டுட்டாங்க. லோரி வந்து எடுத்துட்டுப் போயிட்டான்."

"சரிக்கா" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புக்கிட் பாடாக், கிள்ளான் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? புஷ்பவல்லிக்காக என்று கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உப்பு என்று தெரிந்தால் யார் போட்டது என்று கேட்பார்கள், அவள் வேலை போகும், அவள் மகன் குடித்துவிட்டுக் கிடக்கிறான். எல்லாம் உண்மைதான். ஆனால் யார் போட்டது என்று கேட்ட பிறகு, யார் பார்த்தது என்று கேட்பார்கள். அதற்குத்தான் பயந்தேன். சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோதுகூட, "கூட வேலை செய்யிறவங்க மேல எரிச்சல் பட்டேன் பாதர்" என்றுதான் சொன்னேன். 'அருள்நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்றோடு நிறுத்தாமல் முப்பது சொன்னேன், ஒன்றும் இறங்கவில்லை.

அவர்கள் போய் இரண்டு மாதம் கழித்து, எல்லாரும் தீபாவளி போனஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், லாக்கரைத் திறந்து டப்பாவை எடுத்தேன். மாவு அப்படியே இருந்தது. நைட்ரிக் அமிலத்தில் ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை கழுவினேன். பிறகு டி.ஐ. தண்ணீரில், அமிலம் போகும் வரை. செல்வா சொன்னதை அப்படியே செய்தேன். சின்ன ஃப்ளாஸ்கில் கொழுப்பு அமிலத்தோடு போட்டுக் காய்ச்சினேன். மூன்று மணி நேரத்தில் நாலரை.

ஃப்ளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அரை நாள் வேலை. அந்த மனுஷனுக்கு இந்த அரை நாளைத்தான் நான் கொடுக்கவில்லை.

கமலநாதனிடம் போய், பழைய மாவில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன், கழுவிப் பார்த்தேன், வேலை செய்கிறது என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஒரு நிமிஷம் யோசித்து, "அப்ப டாக்டர் சொன்னது நெசம்தானா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே, "நெசமோ பொய்யோ, ஒழுங்கா ஹேண்டில் பண்ணத் தெரியலலா அவருக்கு. மாவ கெடுத்துட்டாரு. நீதான் கரெக்டான ஆளு" என்றார். நான் வாயெடுக்கவே இல்லை என்பதுதான் சரி. அந்த நிமிஷம் எனக்கு அது இனித்தது. இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு மனுஷன் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னான். இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூர்க்காரர்கள் மறுபடி வந்தார்கள், நாலில் முடிந்தது, கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனியின் இன்டர்நெட் பக்கத்தில் என் போட்டோ வந்தது. ப்ராசஸ் இன்சார்ஜ் என்று ஒரு பதவி, செல்வா உட்கார்ந்த அதே அறை. அவருடைய கம்ப்யூட்டரில் அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து முழுக்கப் படித்தேன். எங்காவது ஒரு மூலையில் என் பெயரைப் போட்டிருப்பார், அதைப் பார்த்து நான் வெந்து சாக வேண்டும் என்று தேடினேன். எங்கேயும் இல்லை. நான் கோபப்பட்டதில் நியாயம் இருந்திருக்கிறது. அது எனக்கு ஒரு ஆறுதலையும் தரவில்லை.

போன வாரம் செல்வாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது.

"அக்கா, உங்க போட்டோ பாத்தேன். ரொம்ப சந்தோஷம். மாவு எங்கயோ மிச்சம் இருந்திருக்கு போல. சோடியம்தானா? பாப்பா ஊருக்கு வந்த ஒரு வாரத்துலயே பொறந்துட்டா. மூணு வாரம் கண்ணாடிப் பெட்டில வெச்சிருந்தாங்க, இப்ப தேறிட்டா. நான் இங்க டியூஷன் சென்டர்ல கிளாஸ் எடுக்கிறேன். புனேல ஒரு வேலைக்கு இன்டர்வியூ இருக்கு. பழைய கம்பெனில ஏன் விட்டாங்கன்னு கேக்குறாங்க. ப்ராசஸ் வேலை செஞ்சுது, ரீடிங் எல்லாம் நெசம்னு நீங்களோ சாரோ ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். அளந்தது நீங்கதானக்கா."

படித்துவிட்டேன் என்று அவருக்கு நீலக் குறி போயிருக்கும். நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால், ஒரு வரியில் நிறுத்த முடியாது என்று தெரிகிறது. இன்டர்வியூ அடுத்த செவ்வாய்க்கிழமை.

இன்றைக்குக் காலையில் புஷ்பவல்லி என் அறைக்கு வந்தாள். முந்தானையில் எதையோ பொத்திக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.

"என்னக்கா?" என்றேன்.

"நேரா உக்காரு உர்சு. போன்ல போட்டோ, பெரிய ரூம்பு, புது நாற்காலி. ஊரு கண்ணு பூரா உன் மேலதான். நாலு நாளா நீ சரியா சாப்புடவும் இல்ல, மூஞ்சியே செத்துப் போச்சு. கெடக்கட்டும், நீ சர்ச்சுக்குப் போறவதான். எனக்காக உக்காரு."

உட்கார்ந்தேன். கல் உப்பை எடுத்து என் தலையைச் சுற்றி மூன்று தடவை வலமாக, மூன்று தடவை இடமாகச் சுற்றினாள். நல்ல கண்ணு, கொள்ளிக் கண்ணு என்று முணுமுணுத்தாள். அவள் விரல்களில் பினாயில் வாசம் அடித்தது. சுற்றி முடித்துவிட்டு, உப்பைப் பொத்தியபடி தண்ணீருக்குக் கண்ணை ஓட்டினாள்.

அறை மூலையில், என் கண்முன்னாலேயே இருக்கட்டும் என்று கொண்டுவந்து வைத்த ஸ்டூல் மேல், அதே வெள்ளை வாளி. நாளைய ஓட்டத்துக்கு மாவு ஊறிக்கொண்டிருந்தது. அவள் அதை நோக்கி இரண்டடி வைத்துக் கையை நீட்டினாள்.

"அதுல போடாதக்கா."

வார்த்தை தானாக வந்து விழுந்தது. யோசிக்கவே இல்லை. இவ்வளவு சுலபமாக வருகிற வார்த்தை அது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

புஷ்பவல்லி நீட்டிய கையோடு நின்றாள். "ஏன்?"

"உப்பு பட்டா மாவு கெட்டுப் போயிடும்."

அவள் வாளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆனால் புத்தி கூர்மை.

"அன்னைக்கு டாக்டருக்குச் சுத்துனத இதுலதான் போட்டேன்" என்றாள் மெதுவாக.

நான் எழுந்து வாளியை ஸ்டூலோடு சுவர் ஓரம் நகர்த்தினேன்.

"நான்தானா அப்ப? அந்தப் புள்ளயோட பொழப்புல நான்தான் மண்ணப் போட்டனா?" ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள். என் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உலை இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அங்கிருந்து லேப் கண்ணாடியைப் பார்த்தாள். எதையோ நினைவுக்குக் கொண்டுவருகிறாள் என்று புரிந்தது.

"நீ அங்கதான நின்னுக்கிட்டு இருந்த" என்றாள். "நான் கும்புட்டுட்டுத் திரும்புறப்ப உன்னப் பாத்தேனே. நீ என்னத்தான் பாத்துக்கிட்டு இருந்த."

"அக்கா..."

"இப்ப சொன்னியே உர்சு, அதுல போடாதன்னு. இத அன்னைக்குச் சொல்ல என்னா?"

என்னிடம் பதில் இருந்தது. லேப் ஆன்டி என்றார்கள், நான் கண்டுபிடித்ததை அவர் கண்டுபிடித்ததாகச் சொன்னார், போட்டோவில் என்னை நிறுத்தவில்லை. வாய்க்குள் வைத்துப் பார்த்தேன். இதையா அவளிடம் சொல்வது என்று விழுங்கிவிட்டேன்.

அவள் பொத்திய கையைத் திறந்தாள். பிறகு, வேர்வையில் ஈரமாகியிருந்த உப்பை, என் மேசை மேல், செல்போனுக்குப் பக்கத்தில், சிந்தாமல் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். தலையைச் சுற்றிய உப்பைக் கரைக்காமல் அவரவர் முன்னாலேயே வைத்துவிட்டுப் போனால், எடுத்ததெல்லாம் அவரிடமே திரும்பிவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.